ஆந்தை அக்கா

மஞ்சள் துணியில் இரண்டு கைகளையும் துடைப்பார். விரல் இடுக்குகளைக்கூட விடமாட்டார். துடைத்த துணியை நான்காக மடித்து கீபோர்டுக்குப் பக்கத்தில் வைப்பார். மூக்குக் கண்ணாடியை ஒரு தள்ளு தள்ளிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் அக்கா அந்தப் பொத்தானை அழுத்துவார். மற்ற வேலைகளுக்கு இந்தச் சுத்தபத்தமெல்லாம் கிடையாது. ஒரு கையில் பிஸ்கட்டைப் பிடித்துக்கொண்டே ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை அடித்து முடிப்பவர்தான்.

பொத்தான் விஷயம் வேறு. அவருடைய திரையின் கீழ்மூலையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓர் ஆந்தை உட்கார்ந்திருக்கிறது. எந்நேரமும் கண்ணை மூடித் தூங்கும். புதிய அப்டேட் வந்தால் மட்டும் ஒரே ஒரு கண்ணைத் திறக்கும். சத்தம் எதுவும் வராது. நீங்கள் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பீர்கள்; யாரோ உங்களைப் பார்ப்பது போல இருக்கும்; திரும்பினால் அந்தக் கண் திறந்திருக்கும். பக்கத்தில் ஒரு சிறு கட்டத்தில் எழுத்து வரும்: ‘அக்கா, புதுசு வந்திருக்கு. சரின்னு அழுத்து.’ கீழே ‘சரி’ என்று ஒரு பொத்தான்.

“வந்துட்டியா” என்று திரையைப் பார்த்துக் கேட்டுவிட்டு அக்கா அழுத்துவார். ஆந்தை கண்ணை மூடிக்கொள்ளும். அன்று முழுக்கக் கடையில் ரேடியோ இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பாடும்.

கல்லூரிச் சாலையில், ஜெராக்ஸ் கடைக்கும் குடை ரிப்பேர் செய்பவரின் பெட்டிக்கும் நடுவே இருக்கிறது அந்தக் கடை. முன்னால் ஓர் அறை. அதில் ஒரு மேசை, ஒரு பிரிண்டர், பைண்டிங் போடும் கைமிஷின், ஓர் ஓட்டை ஸ்டூல். பின்னால் ஒரு நடை. நடையின் ஒரு பக்கம் அடுப்படி, இன்னொரு பக்கம் வெளியே பூட்டு தொங்கும் ஓர் அறை. அவ்வளவுதான் கடையும் வீடும். பூட்டிய அறைக்கும் கடைக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் மானிட்டர் இருக்கிறது.

அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஒரு காலை மடித்து நாற்காலியில் வைத்துக்கொண்டு உட்காருவார். அவருடைய கீபோர்டில் எழுத்துகள் எல்லாம் தேய்ந்து, வெறும் கறுப்புப் பற்களாக இருக்கின்றன. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்தால் கொஞ்சம் பயப்படுவார்கள். அக்கா பார்க்காமலே அடிப்பார், அடித்துக்கொண்டே பேசுவார். ஆய்வு மாணவர்களை அவர் விடுவதே இல்லை. “என்னப்பா இது, முன்னுரை பூரா நன்றி நன்றின்னு இருக்கு. ஆராய்ச்சிய நீ செஞ்சியா, அவங்க செஞ்சாங்களா?”

‘ஆந்தை அக்கா’ என்று பெயர் வைத்தவர்களும் அந்த மாணவர்கள்தான். அவருக்கும் தெரியும். “வச்சா வச்சுட்டுப் போகட்டும். ஊரே தூங்கும்போது முழிச்சிருக்கிற ஒரே ஆளு. நல்ல பேருதானே?” என்பார். ஜெராக்ஸ்காரர் மட்டும் தினமும் ஒரு தடவை வாசலில் தலையை நீட்டுவார். “என்னக்கா, ஆந்தை அலறிச்சா?”

“அது அலறாது. பேப்பரைத் தின்னுட்டு அலறுறது உன் மிஷின்தான். போ, போய்த் தட்டிக் குடு.”

நான் அந்தக் கல்லூரியின் அலுவலகத்தில், கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதுவும் கணினி அறிவியலில். முதல் நாளே இதை அக்காவிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என்னைப் ‘பட்டதாரி’ என்றுதான் கூப்பிடுகிறார். அது கிண்டலா மரியாதையா என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை. எப்படி இருந்தாலும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

போன பருவத்தின் முடிவில் கல்லூரி அலுவலகம் புதிய வகை ஃபைல்களுக்கு மாறியது. பாடக் குறிப்பு, சுற்றறிக்கை, ஆய்வேட்டின் மாதிரிப் படிவம் எல்லாமே இனி அந்த வகையில்தான் போகும், வரும். அக்காவுக்கு வேலை என்று வருவதே கல்லூரியிலிருந்துதான். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, “அந்தம்மா மிஷின்ல இது திறக்குதான்னு பாரு. திறக்கலன்னா வேற இடம் பார்த்துடலாம். காலேஜ் திறக்கிறதுக்குள்ள எனக்கு முடிவு தெரியணும்” என்று அனுப்பினார்.

திறக்கவில்லை. திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வந்து நின்றது. அக்கா அதைச் சற்று நேரம் பார்த்தார். “ஏன் பட்டதாரி, நான் பாடக் குறிப்பு கேட்டா உங்க காலேஜு ஜெயில் கம்பிய அனுப்பியிருக்கு?”

அன்றுதான் அந்த மிஷினை நான் சரியாகப் பார்த்தேன். அதில் ஓடுவது எல்லோரும் வைத்திருக்கும் இயங்குதளம் இல்லை. ஆந்தையைச் சின்னமாகக் கொண்ட ஏதோ ஒன்று. என் படிப்பில் இயங்குதளங்களுக்கென்றே ஒரு தாள் உண்டு. அதில் நல்ல மதிப்பெண்ணும் உண்டு. ஆனால் இந்த ஆந்தையை நான் எங்கும் படித்ததில்லை. கடிதமும் அட்டவணையும் அடிக்கும் ஆபீஸ் மென்பொருளைத் திறக்கும்போது முதல் திரையில் ஒரு வரி வந்தது: ‘தொகுத்தவர்: சின்னவன்.’

“சின்னவன்னா?”

“என் தம்பி. வேற யாரு?” என்றார் அக்கா, ஊருக்கே தெரிந்ததை நான் கேட்டுவிட்டது போல.

ஆந்தைக்கு ஏற்ற ஆபீஸ் மென்பொருளைத் தேடி நான் இறங்கினேன். அந்த இயங்குதளத்தின் முகப்புப் பக்கத்தில் ஒரு பெரிய ஆந்தை இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டிருந்தது. கீழே ‘விரைவில் திரும்புவோம்’ என்று எழுதியிருந்தது. பயனர்கள் பேசிக்கொள்ளும் பக்கத்துக்குப் போனேன். கடைசியாக யாரோ ஒருவர் நான் கேட்க நினைத்ததையே கேட்டிருந்தார்: ‘புது ஃபைல்களைத் திறக்கும் ஆபீஸ் மென்பொருள் இதற்குக் கிடைக்குமா?’ பதில் இல்லை. அதன் கீழே அவரே இன்னொரு வரி எழுதியிருந்தார்: ‘யாராவது இருக்கிறீர்களா?’ அதற்கும் பதில் இல்லை. நான் இருக்கிறேன் என்று எழுதலாம் போலத் தோன்றியது. பட்டப்பகல், அலுவலகத்தில் என்னைச் சுற்றிப் பத்துப் பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்; ஆனாலும் அந்தப் பக்கத்தைச் சட்டென்று மூடிவிட்டேன்.

தரவிறக்கச் சுட்டிகளை அழுத்தினால் ஒன்று செருப்புக் கடைக்குப் போனது, ஒன்று பல்செட்டு விற்பவரிடம் போனது. சல்லடை போட்டுத் தேடி, சிறிய ஆபீஸ் மென்பொருள்களாக மூன்றைப் பிடித்துக்கொண்டு அக்காவிடம் போனேன். முதலாவது, தான் ஓட வேண்டுமென்றால் இன்னொன்று வேண்டும் என்றது. அந்த இன்னொன்று வேறொன்றைக் கேட்டது. இரண்டாவது திறந்தது, ஆனால் அட்டவணைகள் எல்லாம் வழுக்கிக்கொண்டு பக்கத்துக்கு வெளியே போய் விழுந்தன. மூன்றாவதில் தமிழ் அடித்தால் கொம்பு தனியாகப் பிய்ந்து, சந்தையில் தாயைத் தொலைத்த பிள்ளை மாதிரி முன்னால் போய் நின்றுகொண்டது.

“எழுத்து ஒரு பக்கம், கொம்பு ஒரு பக்கமா? வேண்டாம்பா. அவன் குடுத்ததுல எல்லாம் ஒட்டித்தான் இருக்கும்” என்றார் அக்கா.

“அக்கா, ஒரே வழிதான் இருக்கு. இந்த ஆந்தையத் தூக்கிட்டு எல்லாரும் வச்சிருக்கிறதப் போட்டுடலாம். அரை மணி நேர வேலை. காலேஜ் வேலையும் உங்க கைய விட்டுப் போகாது.”

அவர் விரல்கள் கீபோர்டின் மேல் நின்றுவிட்டன. அவருடைய விரல்கள் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“அப்புறம் அவன் எப்படி வருவான்?”

அன்று அவர் சொன்னதிலிருந்தும் ஜெராக்ஸ்காரர் பிறகு சொன்னதிலிருந்தும் எனக்குத் தெரிந்தது இவ்வளவு. சின்னவன் அந்தப் பூட்டிய அறையில்தான் இருந்தார், எந்நேரமும் மிஷினோடு. மற்றவர்கள் எழுதிய மென்பொருளை ஆந்தை இயங்குதளத்தில் ஓடும்படி, உலகத்தின் பல மூலைகளில் இருந்தபடி தொகுத்துத் தரும் சிலரில் அவரும் ஒருவர்; ஆபீஸ் மென்பொருள் அவர் பொறுப்பு. ஒரு காலையில் பையை மாட்டிக்கொண்டு, அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “ஒரு வேலை இருக்குக்கா, வந்துடறேன். உள்ள மிஷின் ஓடுது, அணைச்சுடாத” என்று சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை. ஃபோனும் இல்லை. போலீசில் சொல்லியாயிற்று, பேப்பரில் படம் போட்டாயிற்று. எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்டால் அக்கா பேச்சை மாற்றிவிடுவார்.

ஆனால் அப்டேட் வருகிறது. சில சமயம் மாதம் ஒன்று, சில சமயம் இரண்டு. ஒவ்வொரு தடவையும் அதே இரண்டு வரி.

“அதே வார்த்தைதானேக்கா எப்பவும் வருது?” என்று கேட்டேன்.

“அவன் என்னைக்கு ரெண்டு வார்த்தைக்கு மேல பேசினான்? எந்த ஊர்ல இருக்கானோ, என்ன சாப்பிடுறானோ தெரியாது. ஆனா நல்லாத்தான் இருக்கான். இல்லாதவன் அப்டேட் அனுப்புவானா?”

அலுவலகத்துக்குத் திரும்பினேன். தேடிப் பார்த்தேன். ஆந்தையின் தளத்தில் ஒரு மூலையில், மென்பொருள் தொகுப்பவர்களுக்கென்று ஒரு பக்கம் இருந்தது. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன ஆந்தை. எல்லா ஆந்தைகளும் கண்ணை மூடியிருந்தன. கீழே, கடைசியில், ‘சின்னவன்’ என்ற பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கண் திறந்திருந்தது. வேலையில் இருக்கிறார் என்று அர்த்தம். அக்கா சொன்னது சரிதான், ஆள் இருக்கிறார்.

ஓடிப் போய் அக்காவிடம் காட்டினேன். “எனக்குத் தெரிஞ்சதைக் கண்டுபிடிக்க ஒரு பட்டதாரி வேண்டியிருக்கு பாரு” என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே மஞ்சள் துணியை எடுத்து, கண்ணாடியைக் கழற்றி, அதைத் துடைத்தார். மூக்குத் தண்டில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு தெரிந்தது. துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அவர் பேருக்கு ஒரு மடல் அனுப்பியிருக்கேன்கா. பதில் வரும்.”

“பதிலா? நீங்க வேற! பக்கத்து ரூம்ல இருக்கிறவன சாப்பிட வான்னு கூப்பிட்டாலே பதில் வராது. கதவைத் தட்டணும். தட்டிட்டு நிக்கணும். அப்புறம் திடுதிப்புன்னு திறப்பான், அந்தக் கதவு வெளிய பார்த்துத் திறக்குமா, மூஞ்சியில வந்து அடிக்கும். இது என்னன்னு நெனைச்சீங்க?” என்று மூக்குத் தழும்பைத் தொட்டுக் காட்டினார். “அவன் போட்ட கையெழுத்து.”

மடலுக்குப் பதில் வரவில்லை.

கல்லூரி திறக்கும் நாள் நெருங்கியது. மேலாளர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் புருவத்தைத் தூக்கினார். நான் சாக்குச் சொல்லிச் சொல்லித் தள்ளிப்போட்டேன். வேலை விட்டதும் அக்காவின் கடைக்குப் போய் உட்கார்ந்துகொள்வேன். அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் சில விஷயங்களைக் கவனித்தேன்.

ஒன்று, அந்த உறுமல். ரேடியோ பாட்டுக்கு அடியில் எப்போதும் தாழ்ந்த சுருதியில் ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருக்கும். நான் கிணற்று மோட்டாரின் சத்தத்தில் வளர்ந்தவன். பேச்சுச் சத்தத்துக்கு நடுவிலும் மோட்டார் ஓடுகிறதா நின்றதா என்று எங்கள் காது தானாகப் பார்த்துக்கொள்ளும். அதனால்தான் இது என் காதில் விழுந்தது. சுவரில் கையை வைத்தால் விரலுக்கே தெரிந்தது.

“சின்னவன் மிஷின். அணைக்காதேன்னான், அணைக்கல” என்றார் அக்கா. நடையில் ஒரு பெரிய பேட்டரி இருக்கிறது. கரண்ட் போனால் கடை இருண்டுவிடும்; பூட்டிய அறையில் மட்டும் மிஷின் நிற்காது. அந்தப் பேட்டரிக்கு அக்காவே புனல் வைத்துத் தண்ணீர் ஊற்றுவார், ஒரு சொட்டுகூடச் சிந்தாமல். ஊற்றும்போது கதவைப் பார்க்கமாட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் இப்போது எப்படி இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. பூட்டை உடைக்கலாமே என்று ஜெராக்ஸ்காரர் ஒரு தடவை சொன்னதற்கு, “அவன் பூட்டினது, அவன் வந்து திறக்கட்டும். உன் கடை ஷட்டரை நான் உடைக்கட்டா?” என்று கேட்டிருக்கிறார்.

இரண்டாவது, அவர் சுவரோடு பேசுவது. மானிட்டருக்குப் பின்னால் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார். தம்பி இருந்த காலத்துப் பழக்கம். ஒருநாள் எனக்கு எதிரிலேயே நன்றாக ஓங்கித் தட்டினார். “டேய், காலேஜு ஃபைலு திறக்கலடா. இந்தப் பட்டதாரி பையன் உன் ஆந்தையத் தூக்கிப் போட்டுடறேங்கறான். என்னன்னு பாரு.”

“அவர் எங்கயோ இருக்காரு, நீங்க இங்க தட்டுறீங்களேக்கா.”

“எங்க இருந்தா என்ன? காது இருக்குல்ல?”

வெயில் சுள்ளென்று அடித்த ஒரு நண்பகல். கல்லூரி மறுநாள் திறக்க வேண்டும். சாலையில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். காலையிலேயே தோண்டும் வண்டி இன்டர்நெட் ஒயரை எங்கோ பிடுங்கி எறிந்துவிட்டது. தெரு முழுவதற்கும் லைன் இல்லை. ஜெராக்ஸ்காரர் வாசலில் நின்று, தோண்டுகிறவர்களின் ஏழு தலைமுறையையும் விசாரித்துக்கொண்டிருந்தார். கடைசியாகச் சொல்லிவிடலாம் என்று நான் போயிருந்தேன்: வேலை வேறு இடத்துக்குப் போகப் போகிறது அக்கா, என்னால் முடிந்தது இவ்வளவுதான். ஆனால் ஓட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன். தோண்டுகிறவர்கள் சாப்பிட உட்கார்ந்துவிட்டதால் வெளியே சத்தம் அடங்கியது. பாட்டுக்கு அடியில் உறுமல் தெளிவாகக் கேட்டது.

யாரோ பார்ப்பது போல இருந்தது. திரும்பினேன். ஆந்தை கண்ணைத் திறந்திருந்தது.

‘அக்கா, புதுசு வந்திருக்கு. சரின்னு அழுத்து.’

அக்கா மஞ்சள் துணியை எடுத்தார். இரண்டு கைகளையும் துடைத்தார். “வந்துட்டியா. சொல்லி எவ்வளவு நாளாச்சு” என்று அழுத்தினார். வழக்கத்தைவிட நேரமெடுத்தது. ஆந்தை கண்ணை மூடியதும், கல்லூரியின் ஃபைல் ஒன்றை அவரே திறந்தார். கட்டமில்லை, கம்பியில்லை. அட்டவணை அட்டவணையாக நின்றது. எழுத்தும் கொம்பும் ஒட்டியிருந்தன. முதல் திரையில் அதே பெயர்: தொகுத்தவர், சின்னவன்.

“பார்த்தீங்களா! பார்த்தீங்களா பட்டதாரி!” அக்கா நாற்காலியிலேயே ஒரு சுற்றுச் சுற்றினார். “அக்கா சொல்றது அவன் காதுல விழாதுன்னீங்களே!” ரேடியோவைத் திருகிச் சத்தமாக வைத்தார். ஜெராக்ஸ்காரர் தலையை நீட்டி, “என்னக்கா, லைன் வந்துருச்சா?” என்று கேட்டார்.

“எனக்கு வந்துருச்சு!”

“எனக்கு வரலையே” என்று சொல்லிக்கொண்டே அவர் தலையை இழுத்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதவு நிலைக்கு மேலிருந்த இன்டர்நெட் பெட்டியைப் பார்த்தேன். விளக்கு இல்லை. என் ஃபோனை எடுத்து மேலாளரின் எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தேன். போனது, ஆனால் அது ஃபோன் கம்பெனியின் கோபுரம் வழியாக. கடைக்கு வரும் ஒயர் தெருவில் அறுந்து, பள்ளத்தின் ஓரம் ஈரமண்ணில் கிடந்தது. அதை நானே தாண்டித்தான் உள்ளே வந்திருந்தேன். அப்படியானால் இந்த அப்டேட் எந்த வழியாக வந்தது?

மேசைக்குக் கீழே குனிந்தேன். அக்காவின் மிஷினிலிருந்து இரண்டு ஒயர்கள் போயின. ஒன்று கதவு நிலைக்கு. இன்னொன்று, சாம்பல் நிறத்தில், தூசி ஏறி, சுவரில் இருந்த ஒரு துளைக்குள் போயிற்று. பூட்டிய அறைக்குள். இத்தனை நாள் இந்த மேசைக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். நான் ஒரு தடவைகூடக் குனிந்ததில்லை.

லைனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பக்கச் சந்துக்குப் போனேன். அந்த அறைக்குச் சந்தில் ஒரு ஜன்னல் உண்டு. கண்ணாடிக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஓரத்தில் பெயின்ட் உரிந்த இடத்தில் கண்ணை வைத்தேன். ஒரு மேசை. ஒரு மிஷின், அதன் முகத்தில் ஒரு பச்சைப் புள்ளி மினுக்கிக்கொண்டிருந்தது. ஒரு நாற்காலி, அதன் முதுகில் ஒரு துண்டு. நாற்காலி மேசையைப் பார்த்து நெருக்கமாகப் போட்டிருந்தது, யாரோ உட்கார்ந்திருப்பது போல. யாரும் இல்லை. அதுவரை எனக்கிருந்த பயத்தைவிட, யாரும் இல்லை என்று பார்த்தபோது வந்த பயம் பெரிதாக இருந்தது.

எல்லாம் விளங்கிவிட்டது. அந்த மிஷின்தான். எங்கோ யாரோ மூல மென்பொருளைத் திருத்தி வெளியிட்டால், லைன் இருக்கும்போது அது எடுத்துக்கொள்கிறது. ஆந்தைக்கு ஏற்றபடி தொகுக்கிறது. தம்பியின் பெயரைப் போடுகிறது. வெளியேயும் அனுப்புகிறது, சுவருக்கு இந்தப் பக்கமும் தள்ளுகிறது. தளத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் கண் விழித்திருப்பதும் இதனால்தான். அந்த இரண்டு வரியைப் போகுமுன் ஒரு தடவை எழுதி வைத்திருப்பார். பழைய மிஷின், பெரிய மென்பொருள். தொகுத்து முடிக்க நாள்கணக்கில் ஆகும். இன்று முடிந்தது. அக்கா சுவரைத் தட்டியதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இருக்க முடியாது.

திரும்பி உள்ளே வந்தபோது அக்கா மேலாளருக்கு அனுப்ப வேண்டிய முதல் சுற்றறிக்கையை அடித்துக்கொண்டிருந்தார். பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்தார். சொல்லாமல் இருந்திருக்கலாம். கல்லூரி வேலை தங்கிவிட்டது, அதற்காகத்தான் நான் வந்தது. ஆனால் இன்னொருநாள் அந்த மிஷின் நின்றுபோகும். அன்று, தம்பி இறந்துவிட்டார் என்று அக்கா நினைத்துக்கொள்வார். அப்படி ஒரு மிஷின் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட ஒரு மனிதன் சொல்வது மேல் என்று நினைத்தேன்.

“அக்கா, தெருவுல லைன் இன்னும் வரல.”

“வரட்டும் மெதுவா.”

“லைன் இல்லாம அப்டேட் வந்திருக்குக்கா. அது வெளியேருந்து வரல.” சாம்பல் ஒயரைக் கையில் பிடித்துக் காட்டினேன். “இந்த வழியா வந்திருக்கு. உள்ள ரூம்லேருந்து.”

அக்கா அடிப்பதை நிறுத்தவில்லை. “எது?”

“இப்ப வந்தது. இதுக்கு முன்னாடி வந்தது. எல்லாமே. வேற எங்கேயோ இருந்து யாரும் அனுப்பலக்கா. எல்லாம் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கத்துலேருந்துதான்.”

விரல்கள் நின்றன.

“எல்லாமேவா?”

“எல்லாமே.”

“அவன் போன பிறகு மொதல்ல வந்ததுலேருந்தா?”

“ஆமாக்கா.” மீதியையும் சொல்வதற்கு வாயைத் திறந்தேன்: அது தானாகச் செய்கிறது, உள்ளே யாரும் இல்லை, ஜன்னலில் பார்த்தேன். அக்கா கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் இல்லை. அழுகை இல்லை, கோபம் இல்லை. வெகுநாளாகத் தேடிய சாமான் தன் மடியிலேயே இருந்ததைப் பார்த்தவர் முகம் போல இருந்தது.

“அப்ப எங்கயும் போகலையா,” என்றார். என்னிடம் இல்லை. “இங்கதான் இருந்தானா. நான் வேற ரேடியோவ இம்மாஞ் சத்தமா வச்சு…”

கையை நீட்டி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். கடைசியில் அணைத்தே விட்டார். உறுமல் ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

“அவனுக்குப் பாட்டு ஆகாது. தலை வலிக்கும்” என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். “மெதுவாப் பேசுங்க.”

“அக்கா, நான் சொல்றது என்னன்னா…”

“தெரியுது தெரியுது. மெதுவா.”

அடுப்படிக்குப் போனார். டம்ளர் சத்தமே கேட்காமல் டீ போட்டார். ஒரு டம்ளரை எனக்கு முன்னால் மேசையில் வைத்தார். இன்னொன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். என்ன செய்வது என்று தெரியாமல், டீயைத் தொடாமல். பேட்டரிக்கு அருகில், பூட்டிய கதவுக்கு முன்னால் அவர் நின்றார். இடது கையில் டம்ளர். வலது கையை முதலில் இடுப்பில் செருகியிருந்த முந்தானையில் துடைத்தார், விரல் இடுக்குகளைக்கூட விடாமல். வெளிப்பக்கம் தொங்கிய பூட்டில் துரு ஏறி, தாழ்ப்பாளோடு ஒட்டிப் போயிருந்தது.

அந்தப் பூட்டுக்குப் பக்கத்தில், விரல் முட்டியால், மெல்ல இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு, கதவு மூக்கில் படாமல் திறக்க இடம் விட்டு, ஓரடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார்.